ஒருபக்கத்து அணைப்பு

"வித்துட்டியா?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"சந்தையில ஒருத்தனுக்கு. தாடி வெச்சிருந்தான். பேரெல்லாம் கேக்கல."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு வெண்டல்."

"வித்துட்டேன் கண்ணு. இனிமே அந்தச் சனியன் என் வாழ்க்கையிலயே கிடையாது."

பதினொரு வருடங்களுக்கு முன்னால், எங்கள் சமையலறை வாசலில் நின்றபடி நானும் என் கணவனும் பேசிக்கொண்டது இது. வெண்டல் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். வலது கையைத் தூக்கி, நீதிமன்றத்தில் நிற்பவனைப் போலச் சொன்னான். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் கோதுமை மாவின் வெள்ளைத் தடம் அப்போதும் இருந்தது. மூன்று முறை துடைத்தும் போகவில்லை.

அந்த மாவு சுவருக்குப் போனது அதற்கு ஆறு நாள் முன்பு. ஆறு வயது ஹாலி, நாற்காலியில் தொங்கிய அப்பாவின் கோட்டுப் பையில் சூயிங்கம் தேடினாள். கையில் கிடைத்தது துப்பாக்கி; பெட்ரோல் பங்கில் கொள்ளையர்கள் அவன் தலையில் துப்பாக்கி வைத்த நாளிலிருந்து அவன் கூடவே வைத்திருந்தது. குண்டு அலமாரியில் இருந்த மாவு டின்னைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறையிலிருந்து ஓடி வந்தபோது சமையலறை முழுக்க வெள்ளைப் புகை. நடுவில் தலைமுதல் கால்வரை வெள்ளையாக என் மகள், வாயைத் திறந்தபடி, சத்தமே இல்லாமல் நின்றாள். அவள் உயிரோடு நிற்கிறாளா என்று தெரிய அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்துக்குள், என் பின்னாலேயே ஓடி வந்த வெண்டலைப் பார்த்து ஒன்று சொன்னேன். "என் பிள்ளையைக் கொன்னுட்டியேடா" என்றேன். ஹாலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காது மட்டும் அன்றோடு மந்தமாகிவிட்டது. ஆனால் நான் சொன்ன சொல் சும்மா போகவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகு வெண்டல் என்னை முன்போலக் கட்டிப்பிடிக்கவில்லை.

அன்பு குறைந்தது என்று சொல்ல முடியாது. டயர்க் கடை வேலையிலிருந்து வந்ததும் அணைப்பான், நெற்றியில் முத்தமிடுவான். ஆனால் இடது கை மட்டும்தான் என் தோளைச் சுற்றி வரும். வலது கை அவன் விலாவோடு ஒட்டி நின்றுவிடும். உடம்பு சற்றே திரும்பி இருக்கும், பாதி சாத்திய கதவு மாதிரி. கல்யாணமான புதிதில் இரண்டு கையாலும் தூக்கி, என் செருப்பு கழன்று விழுகிற வரை சுற்றியவன் அவன். நான் சொன்ன அந்த ஒரு சொல்தான் அவன் வலது கையை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எத்தனையோ முறை கேள்வி வாய்வரை வந்திருக்கிறது. எந்த முகத்தோடு கேட்பது?

இப்படிப்பட்ட நான் போன மாதம் துப்பாக்கி வாங்கினேன்.

நான் வீடு வீடாகப் போய் வயதான நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். எங்கள் பக்கம் மலைமேட்டுச் சாலைகளில் மைல் கணக்கில் ஒரு வீடு இருக்காது. ஒரு நோயாளியின் மருமகன், வலி மாத்திரைக்கு அடிமைப்பட்டவன், ஒரு சாயங்காலம் ஒன்பது மைல் என் காரைப் பின்தொடர்ந்து வந்தான். பயந்துபோய் ஒரு சர்ச் வாசலில் நிறுத்தினேன். அவன் இறங்கி வந்து மோதிரம் போட்ட விரலால் என் கார்க் கண்ணாடியைத் தட்டி, சிரித்துக்கொண்டே, "பையில ரெண்டு மாத்திரை இருந்தா குடுங்க சிஸ்டர், சண்டையா போடப் போறேன்?" என்றான். நல்லவேளையாக உள்ளே பாட்டுப் பயிற்சி முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.

வெண்டலிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாக்கியமாக எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்பது வந்துவிடும். அவனைச் சத்தியம் செய்ய வைத்தவள் நான். அதனால் இரண்டு மாவட்டம் தள்ளிப் போய் வாங்கினேன். கடைக்காரர், "பொம்பளைங்களுக்குன்னே ரோஸ் கலர்ல வந்திருக்கு" என்று எடுத்துக் காட்டினார். "சுடணும், நகப்பாலிஷ் போட வரல" என்றேன். கறுப்பில் சின்னதாக ஒன்று. மூன்று வாரம் அது பூட்டிய பெட்டியில், கார் டிக்கியில், கம்பளிக்கு அடியில் கிடந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டில் வெண்டலின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்களுக்கு அதை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடச் சொல்லித் தரும் ஒருநாள் வகுப்பு, பக்கத்து மாவட்டத்தின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடப்பதாக அறிந்தேன். நர்ஸுகளுக்கான பயிற்சி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் மீன் விருந்தின் எண்ணெய் வாசனை கூடத்தில் அப்படியே இருந்தது. மொத்தம் பதினோரு பேர். சொல்லிக்கொடுப்பவள் ரெனி ஸ்டாக்டன். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல்.

"மொதல்ல உறை. கெட்டியானதா இருக்கணும், விசையை முழுசா மூடணும். உறை இல்லாம கோட்டுப் பையில, கைப்பையில, தலையணைக்கு அடியில எவனாவது போட்டு வெச்சான்னு கேள்விப்பட்டேன், வீடு தேடி வந்து உதைப்பேன்."

கோட்டுப் பை என்றதும் பேனாவைத் திறந்து குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

"அடுத்தது பெல்ட். தொளதொளன்னு இருந்தா துப்பாக்கி இறங்கும், கால்சட்டையும் சேர்ந்து இறங்கும். கிளீட்டஸ் அண்ணே, உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. அந்த வயித்துக்குக் கீழ பீரங்கியே வெச்சாலும் வெளிய தெரியாது."

"வயிறு பெண்டாட்டி செஞ்ச வேலைம்மா. பெல்ட்டு மட்டும்தான் என்னுது" என்றார் கிளீட்டஸ். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரெனி சொல்லிக்கொண்டே போனாள். சட்டையை ஒரு அளவு பெரிதாக வாங்கி வெளியே விடுங்கள். உட்கார்ந்து எழுந்ததும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காதீர்கள், அந்தக் கைதான் காட்டிக்கொடுக்கும். பயம் வந்தால் மூளைக்கு முன்னால் கை அங்கே போய்விடும், அதை அடக்கப் பழகுங்கள். சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்து உட்காருங்கள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வெண்டல் எந்தக் கடைக்குப் போனாலும் சுவரோரமாக, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். 'நீ வர்ற அழகைப் பார்க்கணும்ல' என்பான். அவன் இந்த வகுப்புக்கு வந்தால் முதல் மார்க்தான் என்று நினைத்தேன்.

"குடிக்கிறதா இருந்தா இது வேணாம். இது வேணும்னா குடி வேணாம். ஒரே ஒரு பீர்கூட."

வெண்டல் பீரை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து நின்று, கண்ணீரோடு, ஆண்டவர் என் கணவனுக்குச் செய்த கிருபை என்று சொல்லியிருக்கிறேன்.

"இப்ப முக்கியமானது. நல்லாக் கேட்டுக்கங்க. இது இடுப்புல இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு சண்டையிலயும் நீங்க தோத்துப்போகணும். எவனாவது வண்டியை இடிச்சுட்டு உங்களையே திட்டறானா? மன்னிச்சுக்கங்கண்ணே, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. உங்கம்மாவைத் திட்டினாலும் சரி. பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். ரோஷத்தை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனா நின்றது. ஏன் நின்றது என்று அப்போது எனக்கே சரியாகப் புரியவில்லை.

எங்கள் ஊர் மளிகைக் கடையின் கார் நிறுத்தத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு தடியன், தப்பு முழுக்க அவனுடையது, வெண்டலின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கத்தினான். பழைய வெண்டலாக இருந்தால் அவன் பல் இரண்டாவது தரையில் கிடந்திருக்கும். அன்று வெண்டல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "என் மேலதான் தப்பு சார், கோவிச்சுக்காதீங்க" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு வயதில், கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து, என் கணவனிடம் இரண்டாம் முறையாகக் காதலில் விழுந்தது அன்றுதான்.

"கடைசியா," என்றாள் ரெனி, "நம்ம ஊரோட பெரிய தொந்தரவு. கட்டிப்பிடிக்கிறது. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்லேருந்து பெஞ்சுக்குப் போறதுக்குள்ள பதினஞ்சு பேர் வந்து அணைப்பாங்க. கை நேரா இடுப்புக்குத்தான் வரும். இங்க யாராவது வாங்க. கார்லீன் அக்கா, நீங்க வாங்க. என்னை நல்லாக் கட்டிப்பிடிங்க, உங்க சொந்தத் தங்கச்சி மாதிரி."

எழுந்து போனேன். கைகளை விரித்தேன். ரெனியின் இடது கை மேலே வந்து என் தோளைச் சுற்றியது. வலது முழங்கை அவள் விலாவோடு இறங்கி என் கையைத் தடுத்து நின்றது. உடம்பு சற்றே திரும்பியது.

பாதி சாத்திய கதவு.

"பார்த்தீங்களா? காலைலேருந்து என் வலது இடுப்புல இருக்கு. அக்காவுக்குத் தெரிஞ்சுதா? தெரியாது. பாசமா அணைச்ச மாதிரிதான் இருக்கும். பழகிட்டா, இடுப்புல ஒண்ணும் இல்லாதப்பகூட இப்படித்தான் அணைப்பீங்க. என் புருஷன் கேலி பண்ணுவான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா? என்னாச்சு? தண்ணி வேணுமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் கட்டிப்பிடிப்பார்."

"அப்ப அவரும் நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டு ரெனி அடுத்ததுக்குப் போனாள்.

மதியம் வெளியே வைக்கோல் பொதிகளின் முன்னால் காகித உருவங்களை நிறுத்திச் சுட வைத்தார்கள். இருபது குண்டில் பதினேழை நெஞ்சுக்குள் போட்டேன். "கை நடுங்குது, குண்டு நடுங்கலையே!" என்று ரெனி முதுகில் தட்டினாள். நான் எதைப் பார்த்துச் சுட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு முக்கால் மணி நேரம் காரோட்டியபோது ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. வெளியே விட்ட, ஒரு அளவு பெரிய சட்டைகளை நானே அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து வந்ததும் என்னை ஒரு கையால் அணைத்துவிட்டு, டயர்க் கரி தரையில் படக்கூடாது என்று நேரே பின்பக்கக் குளியலறைக்குப் போய்விடுவான். அங்கே சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. டயர் கழுவும் அமிலம் இருக்கிறது, ஹாலி தொட்டுவிடக்கூடாது என்று பூட்டியே வைத்திருப்பான். பட்டபிறகு எவ்வளவு ஜாக்கிரதையாகிவிட்டான் பார் என்று என் அக்காவிடம் பெருமைப்பட்டிருக்கிறேன். பீரை விட்டது, சண்டையை விட்டது, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. நான் காதலித்த புதிய வெண்டலின் ஒவ்வொரு குணமும் எட்டு மணி நேர வகுப்பின் ஒரு பாடமாக இருந்தது. அழுகை வரவில்லை. நம் வீட்டில் யாரோ பல காலமாக ஒளிந்திருந்து, நாம் உடை மாற்றுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வீட்டில் ஹாலி சமையல் மேசையில் கால் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. எதிரில் ஒரு தட்டில் பாதி கடித்த சோள ரொட்டி. நான் அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கேட்கும் காது அதுதான்.

"அப்பா எங்க?"

"கொட்டகையில. புல்வெட்டி பிளேடு தீட்டறார். உன் பயிற்சி எப்படி இருந்துச்சு? பயங்கர போரா?"

"ஹாலி, அப்பா உன்னைக் கட்டிப்பிடிக்கிறப்ப எந்தக் கையால பிடிப்பார்?"

தூரிகை நகத்தைத் தாண்டி விரலில் ஒரு சிவப்புக் கோடு போட்டது. அவள் நிமிரவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அம்மா..."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வயசுலேருந்து. ட்ராக்டர்ல அவர் மடியில உக்காந்தேன், குத்துச்சு. இது என்னப்பான்னு கேட்டேன்."

"சொல்லாதேன்னு சொன்னாரா?"

"இல்ல. அழுதார். ட்ராக்டரை நிறுத்திட்டு ரொம்ப நேரம் அழுதார். அதான் நான் சொல்லல." பிறகு, அந்த வயதுக்கே உரிய சின்னக் கோபத்தோடு, "நீயும்தான் கேக்கவே இல்லையே" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லையாடி? உனக்குக்கூடவா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் அவருக்கு இடது பக்கமாவே நடக்கப் பழகிட்டேன். எனக்கும் வலது காதுதானே கேக்கும், சரியாப் போச்சு." பஞ்சால் விரலைத் துடைத்தாள். கோடு போகவில்லை, இளஞ்சிவப்பாகப் பரவியது. "அம்மா, சத்தம் போடாதே அவர்கிட்ட. ப்ளீஸ்."

எட்டு வருடங்களாக இந்த வீட்டில் இரண்டு பேர் அறிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. குண்டு யார் காதோரமாக வெடித்ததோ, அவளே அதை எனக்கு மறைக்கக் காவல் நின்றிருக்கிறாள்.

காரின் டிக்கியைத் திறந்து, கம்பளியை விலக்கி, என் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சாணைக்கல் சுற்றிக்கொண்டிருந்தது. பிளேடிலிருந்து பறந்த பொறிகள் வெண்டலின் பூட்ஸ் மேல் விழுந்து அணைந்தன. சனிக்கிழமை, சொந்தக் கொட்டகை, மூன்று பக்கமும் நம் புல்வெளி. அப்போதும் சட்டை வெளியேதான் விட்டிருந்தது.

"வந்துட்டியா கண்ணு?" என்று பிளேடைக் கீழே வைத்துவிட்டு வந்தான். இடது கை உயர்ந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன்.

அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "யாருது இது?"

"என்னுது. மூணு வாரமாச்சு. இன்னிக்கு அதுக்குத்தான் வகுப்புக்குப் போனேன். நர்ஸ் பயிற்சின்னு சொன்னது பொய்."

"நீயா? நீ எதுக்கு..."

"மேட்டு ரோட்ல ஒருத்தன் ஒன்பது மைல் என் பின்னாடி வந்தான். காரை நிறுத்தினதும் வந்து கண்ணாடியைத் தட்டினான்."

"யாரு? எப்போ?" என்று கேட்டபோதே அவன் வலது கை தானாகக் கீழிறங்கி, சட்டைக்கு மேலாக, இடுப்பின் பக்கவாட்டைத் தொட்டது. இருக்கிறதா என்று பார்த்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை அவனால். கொட்டகையில் சாணைக்கல்லின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவன் திரும்பி அதை அணைத்தான். கல் உடனே நிற்கவில்லை.

"சந்தைக்குப் போனேன் கார்லீன். சத்தியமாப் போனேன். வரிசையிலகூட நின்னேன். தாடிக்காரன் ஒருத்தன் விலைகூடக் கேட்டான்." எனக்கு முதுகு காட்டியபடியே பேசினான். "கையை விட்டுப் போகல. பெட்ரோல் பங்க்ல அன்னிக்கு என் தலையில வெச்சானுங்களே, அதுக்கப்புறம் இது இல்லாம வெளிய போனா எனக்குக் கால் தரையில பாவலை. ஆனா ஹாலி கையில வெடிச்ச அன்னிக்கே மாறிட்டேன். உறை வாங்கினேன், வகுப்புக்குப் போனேன், ராத்திரி பூட்டி வெச்சேன். ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட, எங்கேயும் போட்டு வெக்கல. உன்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு வருஷமும்..."

"பதினொரு வருஷமா நான் என்ன நெனச்சுட்டிருந்தேன் தெரியுமா?"

அவன் திரும்பினான்.

"பிள்ளையைக் கொன்னுட்டியேன்னு சொன்னேன்ல. அதை உன்னால மன்னிக்க முடியலை, அதான் என்னை ஒரு கையால தள்ளி வெச்சிருக்கேன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் வெண்டல். நீ சாயங்காலம் வந்து அணைக்கிறப்ப ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்."

"அதுக்கா?" அவன் வாய் திறந்தபடி நின்றது. "நீ சொன்னது சரிதானே. நான் அதை... ஐயோ, கார்லீன். அதுக்கா?"

"மளிகைக் கடை வாசல்ல அந்தத் தடியன்கிட்ட மன்னிப்புக் கேட்டியே. அது நீயா, இடுப்புல இருந்ததா?"

பொய் சொல்லியிருந்தால் நான் போய்விட்டிருப்பேன். "மொதல்ல அது" என்றான். "அப்புறம் பழகிடுச்சு. இப்ப... எனக்கே தெரியல. நெஜமாத் தெரியல."

அவன் தாடியில் இரும்புத் தூசி மின்னியது. கோபம் எனக்குள் ஒரு இம்மியும் குறையவில்லை. நாளைக்கு இந்த வீட்டில் நான் இருப்பேனா என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அவனுடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பும் கரியுமாக, எங்கே போவதென்று தெரியாமல் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது அது. அவனுக்குப் பின்னால் சாணைக்கல் இன்னும் மெல்ல மெல்லச் சுற்றி, ஒரு சின்ன முனகலோடு நின்றது.

"அதைக் கழட்டி மேசை மேல வை" என்றேன். "என்னோடதுக்குப் பக்கத்துல."

அவன் அசையாமல் நின்றான்.

"வெச்சுட்டு, ரெண்டு கையாலயும் என்னைக் கட்டிப்பிடி வெண்டல்."